எச்சில் பஞ்சு

இது கதை இல்லை. கதை கட்ட எனக்கு வராது. ஒரு நாள் லீவுக்குக் கடிதம் எழுதவே மூன்று தாளைக் கிழிப்பவள் நான். நடந்ததை நடந்தபடி, கைக்கடிகாரத்தில் பார்த்த நேரத்தோடு எழுதுகிறேன். நம்புகிறவர்கள் நம்பலாம். நம்பாதவர்கள் வந்து என் வாயைத் திறந்து பார்த்துக்கொள்ளலாம். டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டும் கைவசம் இருக்கிறது.

ஒரே ஒரு வேண்டுகோள். சாப்பிட்டுக்கொண்டே படிக்கும் பழக்கம் உள்ளவர்கள் தட்டைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிடுங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. இதை எழுதும்போதே எனக்குக் குமட்டுகிறது. நாலு வரிக்கு ஒரு தரம் பாட்டிலை எடுத்து வாயை நனைத்துக்கொள்கிறேன்.

முதலில் என் வேலை. பாறைகளில் பல்லாயிரம் வருடங்களுக்கு முன்னால் மனிதர்கள் வரைந்த ஓவியங்களைச் சுத்தம் செய்வேன். பிறகு மேலே ஒரு கண்ணாடித் தாளை வைத்து, கோட்டுக்குக் கோடு படி எடுப்பேன். பதினோரு வருடமாக இதுதான் பிழைப்பு. 'அதை எதை வச்சுச் சுத்தம் பண்ணுவீங்க, ஏதாவது மருந்தா?' என்று எல்லோரும் கேட்பார்கள். நானும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டிவிடுவேன். உண்மையைச் சொன்னால் அதற்கப்புறம் என் கையால் ஒரு டம்ளர் தண்ணீர்கூட வாங்க மாட்டார்கள்.

எச்சில்தான். மனித எச்சில். அழுக்கை அதுபோல மெதுவாகக் கரைப்பது வேறெதுவும் இல்லை. அது சாயத்தையும் கெடுக்காது. குச்சி நுனியில் பஞ்சைச் சுற்றி, நாக்கில் வைத்து நனைத்து, பாறை மேல் மெல்ல உருட்ட வேண்டும். ஒரு நாளைக்கு இருநூறு, இருநூற்றைம்பது குச்சி ஆகும். முதல் வருடம் வீட்டுக்கு வந்து சாப்பாட்டைப் பார்த்தாலே வாந்தி வரும். அப்புறம் எதுவும் பழகிப்போகும் என்பார்களே, எனக்கும் பழகிப்போனது.

இதில் விதி ஒன்றே ஒன்று. பாறையைத் தொட்ட பஞ்சு திரும்ப வாய்க்கு வரக் கூடாது. பயன்படுத்திய குச்சியை உடனே டப்பாவில் போட வேண்டும். ஆனால் எங்கள் மேலதிகாரி எச்சில் கையால் காக்கா ஓட்டாத மனுஷர். இந்த முறை பாதிக் குச்சிதான் கொடுத்தார். "குச்சிக்கு ரெண்டு முனை இருக்குல்ல? ரெண்டுலயும் பஞ்சு சுத்திக்குங்க" என்றார். ஒரு முனையால் துடைத்துவிட்டு, திருப்பி, மறு முனையை நாக்கில் வைக்க வேண்டும். எங்கே கொண்டுபோய் விடும் என்று அப்போதே யோசித்திருக்க வேண்டும். தலையாட்டிவிட்டு வந்தேன்.

நாங்கள் போன இடம் மலை இடுக்கில் உள்ள ஒரு பெரிய பாறைக்குடைவு. உள்ளே நான், கேமரா அண்ணன், சாக்குக்காரர், மூன்று பேர்தான். படம் எடுப்பவரை நாங்கள் கேமரா அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். சாக்குக்காரர் அங்கே வௌவால் எச்சத்தை அள்ளி உரத்துக்கு விற்பவர். தரையில் கணுக்கால் அளவுக்கு எச்சம். அதற்குள் ஆயிரக்கணக்கில் வண்டுகள் ஊர்ந்துகொண்டே இருக்கும். உற்றுப் பார்த்தால் தரையே மெல்ல நகர்வது தெரியும். அந்த நாற்றத்தில் கண்ணில் தானாகத் தண்ணீர் கொட்டும்.

அங்கே எல்லாமே எச்சிலில்தான் நடந்தது. கூரையில் சின்னக் கறுப்புப் பறவைகள் தங்கள் எச்சிலையே நூல் நூலாக இழுத்துக் காயவைத்துக் கூடு கட்டியிருந்தன. குளவிகள் மண்ணை மென்று துப்பி, ஓவியத்தின் மேலேயே உருண்டை உருண்டையாக ஒட்டியிருந்தன. சிலந்தி கொடுமை. பிடித்த ஈயின் மேல் எதையோ கக்கி, அது கரைந்ததும் உறிஞ்சியது. அந்தக் காலத்து மனிதனும் லேசுப்பட்டவன் இல்லை. சுவரில் கையை விரித்து வைப்பான். வாய் நிறையச் செம்மண் குழம்பை எடுத்து, எச்சிலோடு சேர்த்து 'ப்பூ' என்று ஊதுவான். கையை எடுத்தால் சுற்றிலும் சிவப்பு, நடுவில் கையின் உருவம் வெறுமையாக நிற்கும். அப்படி ஆறு கைகள் வரிசையாக இருந்தன. பெரியதிலிருந்து சின்னது வரை.

இவ்வளவு எச்சிலுக்கும் மேலே என் எச்சில்.

சாக்குக்காரர் எப்போதும் வாயை இறுக்கித் துணி கட்டியிருப்பார். உள்ளே ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். முதல் நாளே என்னிடம், "நீங்களும் ஒரு துணி கட்டிக்குங்கம்மா" என்றார். "வாய் இல்லாம எனக்கு வேலை ஓடாதுங்க" என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

மூன்றாம் நாள், புதன்கிழமை. காலை 9.10க்குக் குச்சி டப்பாவைத் திறந்தேன். முந்தின நாள் போட்ட பஞ்செல்லாம் ஒரு ராத்திரியில் காய்ந்து மொறமொறவென்று ஆகியிருக்க வேண்டும். ஒன்றுகூடக் காயவில்லை. கொழகொழவென்று ஒன்றோடொன்று ஒட்டியிருந்தது. டப்பாவைச் சாய்த்தால் அடியில் ஏதோ வழிந்தது. குடைவுக்குள் ஈரம் அதிகம் என்று நினைத்துக்கொண்டேன்.

10.35க்கு ஆறாவது கைக்குப் பக்கத்தில் வெள்ளையாகப் படிந்திருந்த சுண்ணாம்புப் பொருக்கு ஒன்று உரிந்து விழுந்தது. அடியில் சிவப்பு. இன்னொரு கை! யாரும் இதுவரை குறித்து வைக்காத ஏழாவது கை. மிகச் சின்னது, இரண்டு வயதுக் குழந்தையின் கை அளவுதான் இருக்கும். சுண்டுவிரல் பாதியோடு நின்றது. எனக்கு ஒரே சந்தோஷம். கேமரா அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"யார் பெத்த பிள்ளையோ" என்றார் அவர். படம் எடுத்துக்கொண்டார்.

11.20. 'ப்பூ' என்று ஒரு சத்தம். மெல்லிசாக, ரொம்பப் பக்கத்தில். பறவை சிறகடித்திருக்கும் என்று நிமிர்ந்து பார்த்தேன். பறவைகள் அசையாமல் உட்கார்ந்திருந்தன.

அதற்கப்புறம் என் வாயில் எச்சில் ஊறத் தொடங்கியது. வழக்கமாக மதியத்துக்குள் நாக்கு வறண்டுவிடும். புளிப்பு மிட்டாயை நினைத்து நினைத்துத்தான் வரவழைப்பேன். அன்று நினைக்காமலே ஊறியது. விழுங்கினேன். மறுபடி நிறைந்தது. வேலைக்கு வசதிதான் என்று இருந்துவிட்டேன்.

11.42. சின்னக் கையின் உள்ளங்கையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். கண்ணை அதிலிருந்து எடுக்கவில்லை. குச்சியைத் திருப்பி நாக்கில் வைத்தேன்.

திருப்பவில்லை. திருப்பினேன் என்று நினைத்தேன்.

பாறையைத் துடைத்த அதே முனை. நாக்கில் பட்டதும் தெரிந்துவிட்டது. இரும்பு, மண், வௌவால் எச்சம். அதற்கெல்லாம் அடியில் புளித்த பால் வாடை. கக்குகிற குழந்தையின் வாயில் வருமே, அது. அதுகூடப் பரவாயில்லை. பாறை ஜில்லென்று இருந்தது. பஞ்சு சூடாக இருந்தது. இன்னொருவர் வாயிலிருந்து அப்போதுதான் எடுத்ததைப் போல.

த்தூ என்று தரையில் துப்பினேன். சிவப்பு சிவப்பாக வந்தது. வண்டுகள் அதன் மேல் மொய்த்தன. நான் குனிந்து குமட்டிக்கொண்டிருந்தேன்.

"என்ன, லிப்ஸ்டிக்கைத் தின்னுட்டியா?" என்றார் கேமரா அண்ணன்.

சாக்குக்காரர் மண்வெட்டியைக் கீழே வைத்தார். "இங்க துப்பக் கூடாதும்மா."

"ஏங்க?"

"தெரியாது. எங்க அப்பா துப்ப மாட்டார்."

அவ்வளவுதான் சொன்னார். பாதி நிரம்பிய சாக்கை அப்படியே போட்டுவிட்டுக் கிளம்பிவிட்டார். காசாகிற சாக்கு அது. மறுபடி அவர் அங்கே வரவில்லை.

வாயை ஆறு தரம் கொப்பளித்தேன். 12.05க்கு அந்தச் சின்னக் கையைக் கண்ணாடித் தாளில் படி எடுத்தேன். தாளைச் சுருட்டிப் பையில் வைத்துக்கொண்டு, உடம்பு சரியில்லை என்று சொல்லி வீட்டுக்குப் புறப்பட்டேன். பேருந்தில் பக்கத்து இருக்கையில் இருந்த ஒரு அம்மா என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். மடக் மடக் என்று நான் விழுங்கும் சத்தம் அவருக்குக் கேட்டிருக்கிறது.

வீடு வந்தபோது மணி 2.40. நாலு தரம் பல் தேய்த்தேன். கண்ணாடியில் வாயைத் திறந்து பார்த்தேன். நாக்கு சுத்தமாக இருந்தது. சிவப்பு இல்லை. எச்சிலும் நின்றிருந்தது. அப்பாடா என்று படுத்துத் தூங்கிவிட்டேன்.

என் மகளுக்கு நாலரை வயது. வீட்டில் வாலு என்று கூப்பிடுவோம். 6.15க்கு எழுந்தபோது ஆப்பிளும் கையுமாகக் கட்டிலருகில் நின்றாள். அவளுக்கு ஆப்பிள் தோல் கடிபடாது. நான் கடித்துத் துண்டாக்கிக் கொடுத்தால்தான் தின்பாள். பிறந்ததிலிருந்து அப்படித்தான். பிள்ளைக்கும் தாய்க்கும் நடுவே என்ன எச்சில்?

"அம்மா, கடிச்சுக் குடு."

கடித்துக் கொடுத்தேன். ஒரு துண்டு, இரண்டு துண்டு... முழு ஆப்பிளையும் தின்றாள். கடைசித் துண்டைக் கொடுக்கும்போதுதான் அதன் ஓரத்தைப் பார்த்தேன். இளஞ்சிவப்பாக இருந்தது. ஈறில் ரத்தம் கசிந்திருக்கும், அழுத்திப் பல் தேய்த்தேனே என்று நினைத்தேன்.

7.25. சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். குழாயை மூடிய பிறகும் தண்ணீர் சொட்டும் சத்தம் கேட்டது. குனிந்து பார்த்தேன். என் தாடையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது.

வாய் நிறைந்திருந்தது. எனக்குத் தெரியவே இல்லை.

திரும்பினேன். வாலு ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்தில், வெள்ளைச் சுவரில் கையை விரித்து வைத்துக்கொண்டு நின்றாள். அழுத்தி. விரலை அகட்டி.

"அம்மா, ஊது."

யார் சொன்னது என்று கண்ணால் கேட்டேன். வாயைத் திறக்க முடியவில்லை.

"நீதான் சொன்ன. கையை வை, ஊதறேன்னு. இப்பதான் சொன்ன."

நான் பேசவே இல்லை.

உதடு தானாகக் குவிந்தது. கன்னம் உப்பியது. என் கால் அவள் பக்கம் ஓர் அடி எடுத்து வைத்தது. நான் வைக்கவில்லை.

ஊதினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. இன்றும் தெரியாது. ஆனால் அந்தக் கைக்குச் சொந்தமானவள் அதற்கப்புறம் எனக்குச் சொந்தமில்லை என்று வயிற்றில் ஒரு பயம் பிடித்தது. பெற்றவளுக்கு அது போதும்.

இரண்டு கையாலும் வாயைப் பொத்தினேன்.

துப்ப முடியாது. துப்பினால் அவள் மேல் விழும்.

விழுங்கினேன்.

சூடு. கெட்டி. மண்... முடி மாதிரி ஏதோ ஒன்று தொண்டையில் மாட்டிக்கொண்டு இறங்கியது.

மறுபடி நிறைந்தது.

விழுங்கினேன்.

மறுபடி...

"ஊதும்மா."

தலையை ஆட்டினேன். மூக்கு வழியாக ஒழுகியது. அதையும் விழுங்கினேன்.

நாக்குக்கு அடியில் ஏதோ புரண்டது.

சின்னதாக. வழவழவென்று.

விரல் நுனி.

பாதியோடு நின்ற ஒரு விரலின் நுனி...

விழுங்கினேன்.

7.58. என் வீட்டுக்காரர் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தார். நான் தரையில் உட்கார்ந்திருந்தேன். அந்த நொடியே எல்லாம் நின்றது. குழாயைத் திருகி மூடியதுபோல வாய் வறண்டது.

"என்னாச்சு? எதையாவது கண்ட இடத்துல தின்னியா?" என்றார்.

வாலு சுவரிலிருந்து கையை எடுத்தாள். சுவர் வெள்ளையாகத்தான் இருந்தது. அவளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு ஓவென்று அழுதேன். ஊதவில்லை. என் பிள்ளையை நான் கொடுக்கவில்லை. அதை நினைத்துத்தான் அழுதேன். அவளோ உதட்டைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, அமைதியாக எதையோ மென்று விழுங்கிக்கொண்டிருந்தாள். அப்போது அதை நான் கவனித்தும் கவனிக்கவில்லை.

மறுநாளிலிருந்து எனக்கு எச்சிலே ஊறவில்லை. ஒரு சொட்டு கிடையாது. டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார். ஸ்கேன் படம் எடுக்கச் சொன்னார். படத்தைப் பார்த்துவிட்டு, "எத்தனை வருஷமா இப்படி இருக்கு?" என்று கேட்டார்.

"நேத்து ராத்திரியிலேருந்து டாக்டர்."

"சான்ஸே இல்ல. எச்சில் சுரக்கிற இடமெல்லாம் சுருங்கிப் போயிருக்கு. இது பல வருஷத்து வறட்சி."

வெள்ளிக்கிழமை காலை 10.15க்குக் கேமரா அண்ணன் போன் செய்தார். குடைவிலிருந்து பேசினார். குரல் ஒரு மாதிரி இருந்தது.

"ஏம்மா, அந்த ஏழாவது கையை முழுசா துடைச்சு எடுத்துட்டியா?"

"இல்லையே அண்ணா. நீங்கதான் படம் எடுத்தீங்களே."

"இப்ப ஒண்ணுமே இல்லம்மா. வெறும் பாறைதான் இருக்கு. அந்த இடம் மட்டும் ஈரமா இருக்கு."

ஓவியத்தை அழித்துவிட்டேன் என்று மேலதிகாரி விளக்கம் கேட்டுக் கடிதம் அனுப்பினார். எனக்கு அது உறைக்கவே இல்லை. போனது போகட்டும், தொலைந்தது சனியன் என்றுதான் இருந்தது. அன்றிரவு நிம்மதியாகத் தூங்கினேன்.

எட்டு நாள் கழித்து, சனிக்கிழமை காலை 11.30க்கு வாலுவின் பள்ளியிலிருந்து டீச்சர் கூப்பிட்டார். கோபமாக இல்லை. சங்கடமாகப் பேசினார். "கொஞ்சம் நேர்ல வரீங்களா?"

பிள்ளைகள் விளையாடும் அறை. பொம்மை அலமாரியைச் சுவரிலிருந்து நகர்த்தி வைத்திருந்தார்கள். அதன் பின்னால் இருந்த சுவரைக் காட்டினார்.

கைகள்.

சுற்றிலும் சிவப்பு, நடுவில் வெறுமையாகக் குழந்தைகளின் கைகள். வரிசையாக.

"எல்லாருமே உங்க பொண்ணைத்தான் காட்டறாங்க. வாயாலயே ஊதினாளாம். முதல்ல அவ ஊதினாளாம், அப்புறம் ஒருத்தர் கைக்கு இன்னொருத்தர் ஊதினாங்களாம். எங்ககிட்ட சிவப்புப் பெயின்டே இல்லங்க. இப்பல்லாம் மதியம் ஒரு பிள்ளையும் சரியா சாப்பிடறதில்ல. எப்பப் பார்த்தாலும் எதையோ முழுங்கிக்கிட்டே இருக்குதுங்க..."

நான் எண்ணினேன். தொழில் புத்தி. எந்தச் சுவரைப் பார்த்தாலும் எண்ணாமல் இருக்க முடியாது.

"வகுப்புல எத்தனை பிள்ளைங்க டீச்சர்?"

"இருபத்தொண்ணு."

சுவரில் இருபத்திரண்டு.

கடைசிக் கை தரையை ஒட்டி இருந்தது. மற்றதையெல்லாம் விடச் சின்னது. அவ்வளவு சின்னப் பிள்ளையை அந்தப் பள்ளியில் சேர்ப்பதே இல்லை. சுண்டுவிரல் பாதியோடு நின்றது.

வீட்டுக்கு ஓடி, படி எடுத்த கண்ணாடித் தாளை எடுத்து வந்தேன். 12.20க்குச் சுவரில் வைத்துப் பார்த்தேன்.

கோட்டுக்குக் கோடு சரியாக இருந்தது.

அன்றிரவு 8.40க்கு வாலு தூங்கப் போகுமுன் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு கன்னத்தில் முத்தம் கொடுத்தாள். தினமும் கொடுப்பாள். அன்று எனக்குக் கூசியது. பெற்ற பிள்ளையின் எச்சிலுக்கு அருவருப்பது எவ்வளவு பெரிய பாவம் என்று எனக்குத் தெரியாதா? ஆனாலும் அவள் அறைக்குள் போகும்வரை காத்திருந்தேன். பையிலிருந்து ஒரு துண்டுப் பஞ்சை எடுத்தேன். கன்னத்தைத் துடைத்து, விளக்கு வெளிச்சத்தில் பார்த்தேன்.

சிவப்பு.

கையில் பிடித்திருந்தேன். ரொம்ப நேரம். பஞ்சு ஆறவே இல்லை.